சுற்றும் சக்கு நிற்பதுபோல் தெரிவது ஏன்?

லேத்தில், உருப்படியை மூன்று தாடையால் கவ்விப் பிடிக்கும் த்ரீ ஜா சக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே பழைய டியூப் லைட் ஒன்று எரிகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கோ மூன்று ஜாவும் அசையாமல் அப்படியே நிற்கின்றன. பக்கத்து மெஷினின் இரைச்சலில் இதன் சத்தம் அமுங்கிப்போயிருந்தால், நின்றுவிட்டது என்று நம்பிக் கையை நீட்டிவிடலாம். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. இந்த ஏமாற்று வேலை முழுக்க அந்த விளக்கினுடையது.

பெரிய ஆலைகளில் இதையெல்லாம் கவனிக்க ஆள் இருப்பார்கள். கோயம்புத்தூரின் கதை வேறு. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் பக்கத் தெருக்களில், கார் நிற்க வேண்டிய இடத்தில் லேத் நிற்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. முன்னால் பட்டறை, பின்னால் குடித்தனம். பம்பு ஷாஃப்ட், இம்பெல்லர், கிரைண்டருக்கு வேண்டிய உருப்படிகள் என்று ஜாப் ஒர்க் எடுத்து, 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியரை வைத்து அளந்து கொடுக்கிறார்கள். மெஷினுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கியவர், விளக்கு என்று வந்துவிட்டால் கடையில் மலிவாகக் கிடைத்த ஒரு எல்.இ.டி. பட்டியை மாட்டி முடித்துவிடுகிறார். வெர்னியரைப் போலவே விளக்கும் அளவெடுக்கும் கருவிதான் என்பது என் கட்சி. வெளிச்சம் தவறினால் அளவும் தவறும்.

முதலில் அந்த நிற்கும் சக்கைப் பார்த்துவிடுவோம்.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் ஒரு திசையில் உச்சிக்கு ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, எதிர்த்திசையில் இன்னொரு உச்சிக்குப் போய்த் திரும்புகிறது. மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் விளக்குக்கு ஒன்றுதான். இரண்டு உச்சியிலும் பளிச்சென்று எரியும், நடுவில் மங்கும். அதனால் பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அது முழுதாக அணைவதில்லை. உள்ளே பூசிய பாஸ்பர் பொடி கொஞ்சம் ஒளியைப் பிடித்து வைத்திருக்கும். ஆனாலும் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கிறது. நொடிக்கு 100 துடிப்பைத் தனித்தனியாகப் பார்க்க நம் கண்ணால் முடியாது. விளக்கு ஒரே சீராக எரிவதாகவே தோன்றும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் நொடிக்கு 33 சுற்றும் சொச்சமும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் சக்கு சரியாக மூன்றில் ஒரு பங்கு திரும்பியிருக்கும். அதாவது, முதல் ஜா இருந்த இடத்தில் இரண்டாவது ஜா வந்து நிற்கும்போது விளக்கு மறுபடி பளிச்சிடுகிறது. மூன்று ஜாவும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால், நகர்ந்த அடையாளமே கண்ணுக்குக் கிடைப்பதில்லை. வேகம் 1000 என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆறில் ஒரு பங்கு திரும்பும். அப்போது மங்கலாக ஆறு ஜா நிற்பதுபோல் தெரியும். வேகம் கொஞ்சம் குறைந்தால் சக்கு மெதுவாகப் பின்னோக்கி ஊர்வதுபோலவும், கூடினால் முன்னோக்கி ஊர்வதுபோலவும் இருக்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. மோட்டாரும் விளக்கும் ஒரே மின்கம்பியில் பிறந்தவை. அதே 50 சுழற்சிதான் மோட்டாரின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. நாலு துருவம் கொண்ட இன்டக்ஷன் மோட்டாருக்குள் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு ஓடும், ஆனால் எட்டிப் பிடிக்காது. லோடு ஏறும்போது ஏறக்குறைய 1440-ல் ஓடும். இந்த 60 சுற்றுப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்கிறார்கள். அந்த மோட்டாரின் ஷாஃப்ட் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, துடிக்கும் விளக்கின் கீழே ஓடவிட்டால் ஒற்றைக் கோடு நாலு கோடாகத் தெரியும். அந்த நாலும் சேர்ந்து பின்னோக்கி மெதுவாகச் சுற்றும். எவ்வளவு மெதுவாக? நிமிடத்துக்குச் சரியாக 60 சுற்று. கண்ணுக்கே தெரியாத ஸ்லிப்பை, வேறு எந்த மீட்டரும் இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிடலாம். மின்பொறியியல் ஆய்வகங்களில் மாணவர்கள் ஸ்லிப்பை அளக்கப் பயன்படுத்திய பழைய முறைகளில் இதுவும் ஒன்று. பட்டறையில் ஆபத்தாக இருக்கும் அதே மாயம் ஆய்வகத்தில் அளவுகோல் ஆகிறது.

கோவைக்கு மின்சாரமும் மோட்டாரும் கிட்டத்தட்ட கைகோத்துக்கொண்டே வந்தன. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. ஆலை பெருகியதும் அதன் மெஷினைப் பழுது பார்க்கவும் பாகம் செய்யவும் பட்டறைகள் முளைத்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அன்று தொட்டு மோட்டாரும் பம்பும் இந்த ஊரின் அடையாளம். மோட்டாரைப் பற்றி இவ்வளவு யோசித்த ஊர், அதே கம்பியில் தொங்கும் விளக்கைப் பற்றியும் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

துடிப்பைப் போக்கப் பழைய எலக்ட்ரீசியன்களிடம் ஒரு அழகான வழி இருந்தது. பட்டறையில் த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்தால், அடுத்தடுத்த மூன்று டியூப் லைட்டை ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸில் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்று ஃபேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சிக்கு வருபவை. ஒன்று மங்கும்போது மற்ற இரண்டும் ஈடுகட்டும். மூன்றும் சமமாக விழும் இடத்தில், கணக்குப்படி கூட்டிப் பார்த்தால், ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சீரான வெளிச்சம் வரும். எந்தப் புதுக் கருவியும் வேண்டாம், ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும் என்பதால் இது லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

எல்.இ.டி. வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். கவலை கூடியிருக்கிறது என்பேன். பழைய குண்டு பல்பின் கம்பி பழுத்துக் கிடந்ததால், மின்சாரம் பூஜ்யத்தைத் தொட்டபோதும் அதன் சூடு உடனே ஆறாது. துடிப்பு லேசாகத்தான் இருக்கும். எல்.இ.டி.க்கு அந்தச் சூட்டுச் சேமிப்பு கிடையாது. மின்னோட்டம் நின்ற மாத்திரத்தில் ஒளியும் நின்றுவிடும். துடிப்பே இல்லாமல் எரிவதா, டியூப் லைட்டைவிட மோசமாகத் துடிப்பதா என்பது உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட்டின் கையில் இருக்கிறது. நல்ல டிரைவர் மின்சாரத்தைத் தேக்கி, சமப்படுத்தி அனுப்பும். மலிவு விளக்கில் முதலில் கைவைப்பது அந்தத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அந்த ஒரு விளக்கின் கீழே ஒரு பேனாவைப் பிடித்து வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கல் பட்டையாகத் தெரிந்தால் விளக்கு தேவலை. விசிறி மடிப்பு மாதிரி தனித்தனியாகப் பல பேனா தெரிந்தால் அது துடிக்கிற விளக்கு. செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே காட்டினாலும் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். கேமரா படத்தை வரிவரியாகப் படிக்கிறது. விளக்கு மங்கிய கணத்தில் படித்த வரிகள் கறுத்துப் போகின்றன. கடைக்காரர் விளக்கை எரியவிட்டுக் காட்டும்போதே போனை எடுத்துப் பார்த்துவிடலாம். இந்தச் சோதனையில் தோற்ற விளக்கை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் சுற்றும் மெஷினுக்கு மேலே மாட்டாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு மூளைக்குத் தெரியாமல் இல்லை. பிரிட்டனில் ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடைய குழுவினரும் ஓர் அலுவலகத்தில் சோதனை நடத்தி 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். துடிக்கும் டியூப் லைட்டுகளுக்குப் பதில், பார்வைக்கு அதே மாதிரியான, மிக உயர்ந்த அதிர்வெண்ணில் எரியும் டியூப் லைட்டுகளைக் கொடுத்தபோது, ஊழியர்களின் தலைவலியும் கண்வலியும் பாதிக்குமேல் குறைந்தன. சாயங்காலமானால் தலை கனக்கிறது என்று சொல்லும் பட்டறைக்காரர்கள் வெயிலையும் இரைச்சலையும் மட்டும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

துடிப்பை விட்டு அளவுக்கு வருவோம். ஒரு பரப்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் ஒரு லக்ஸ். பௌர்ணமி நிலவொளி கால் லக்ஸ் அளவுதான். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நிலவில் நடந்து போகிறோம், வெயிலிலும் நடந்து போகிறோம். லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசத்தைக் கண் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. கண்ணுக்கு இருக்கும் இந்தப் பெரிய வரமே பட்டறையில் வினையாகிவிடுகிறது. எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும் கண், இருக்கிற வெளிச்சம் பத்தாது என்று எளிதில் சொல்லாது. மாலை ஆறு மணிக்கு வெர்னியரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஐரோப்பியத் தரநிலை ஒன்று வேண்டிய வெளிச்சத்தை வேலையின் துல்லியத்தோடு கட்டிப் போடுகிறது. 0.1 மில்லிமீட்டர் வரை கூடக் குறைய இருக்கலாம் என்ற கடைசல் வேலைக்கு 300 லக்ஸ், அதைவிட நுணுக்கமான வேலைக்கும் கிரைண்டிங்குக்கும் 500, மார்க்கிங் போடுவதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் 750. டாலரன்ஸ் இறுக இறுக லக்ஸ் ஏறுகிறது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் போதிய வெளிச்சம் வேண்டும், கண் கூசக் கூடாது, கண்ணுக்குக் களைப்பு தரும் அளவுக்கு நிழல் விழக் கூடாது, ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அக்கறையாகவே பேசியது. ஆனால் மின்சாரத்தில் இயங்கி 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்குத் தொழிற்சாலை ஆனது. அப்பாவும் மகனும் ஒரு ஹெல்பரும் வேலை செய்யும் வீட்டுப் பட்டறை அதன் கண்ணில் படவே இல்லை.

சரி, நம் பட்டறைக்கு எத்தனை விளக்கு? பத்துக்கு இருபது அடி செட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமென்றால் வேலை செய்யும் மட்டத்தில் சுமார் 5,600 லூமன் வந்து சேர வேண்டும். விளக்கிலிருந்து கிளம்பும் ஒளியில் பாதியைச் சுவரும் கூரையும் தூசியும் தின்றுவிடும் என்று வைத்தால், 11,000 லூமனுக்கு விளக்கு மாட்ட வேண்டும். இன்றைய 20 வாட் எல்.இ.டி. பட்டி ஒன்று சுமார் 2000 லூமன் தருகிறது. ஆக, ஐந்து அல்லது ஆறு பட்டி. பல செட்டுகளில் இருப்பது ஒன்று. அங்கே சராசரி வெளிச்சம் 50 லக்ஸைச் சுற்றித்தான் இருக்கும். ஆறு பட்டியும் பத்து மணி நேரம் எரிந்தால் ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது. இரண்டு குதிரைத்திறன் லேத் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் இது. ஈ.பி. பில்லை நினைத்து விளக்கைக் குறைப்பதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

சுவரைச் சும்மா விடக் கூடாது. புதுசாகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பித் தரும். எண்ணெய்ப் புகையும் இரும்புத் தூசியும் படிந்து கறுத்த சுவர் பத்தில் ஒரு பங்கைத் தந்தால் அதிகம். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பட்டறையையும் சேர்த்துக்கொள்வது, மின்சாரமே செலவழிக்காத ஒரு விளக்கை மாட்டியது போல.

ஆறு பட்டியை எங்கே மாட்டுவது என்பதில்தான் அனேகம் பேர் கோட்டை விடுகிறார்கள். செட்டின் நடுவில், கூரையின் முகட்டில் வரிசையாக மாட்டிவிடுவார்கள். மெஷின்கள் சுவரோரம் இருக்கும். ஆள் சுவரைப் பார்த்து நிற்பார். விளக்கு முதுகுக்குப் பின்னால். தலையின் நிழல் போய் டூல் முனைமேலேயே விழும். குனிந்து உற்றுப் பார்த்தால் நிழலும் கூடவே குனியும். விளக்கு வரிசையை ஆள் நிற்கும் இடத்துக்கு முன்னால், மெஷினுக்கு நேர் மேலே தள்ளி, இடமும் வலமும் இரண்டு திசையிலிருந்து ஒளி வரும்படி வைத்தால் ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பிவிடும். நீளமான பட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே புள்ளியிலிருந்து ஒளி வராததால் அதன் நிழலுக்கு விளிம்பு மங்கிப் போகும். குண்டு பல்பின் கீழே கத்தி வெட்டியதுபோல் விழும் நிழல் பட்டியின் கீழே கரைந்துவிடும்.

தூரமும் விளையாடும். சின்ன பல்பை வேலையிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். மூன்று மடங்கு தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. நாலடிப் பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வரை இந்த வீழ்ச்சி இவ்வளவு கடுமையாக இராது. தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய பாதியாகும். இதனால்தான் திருப்பூரில் தையல் மெஷினின் ஊசிக்குப் பக்கத்தில், காந்தத்தில் ஒட்டி, வளையும் கழுத்தோடு ஒரு குட்டி விளக்கு நிற்கிறது. கறுப்புத் துணி விழும் ஒளியில் 20-ல் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும், வெள்ளைத் துணி ஐந்தில் நாலு பங்கு. வெள்ளை பனியனில் தெரிகிற தையல் கறுப்பு பனியனில் அதே தெளிவோடு தெரிய வேண்டுமானால் பதினாறு மடங்கு வெளிச்சம் வேண்டும். கூரை விளக்கால் அது ஆகாது, பக்கத்தில் வந்த விளக்கால் ஆகும். லேத்துக்கும் இதே நியாயம். அரை மீட்டர் தூரத்தில், மேலே மூடி போட்டு ஒளியைக் கீழே குவிக்கும் ஒரு 5 வாட் எல்.இ.டி. டூல் முனையில் 500 லக்ஸைத் தாராளமாகத் தரும். கூலன்ட் தெறிக்கும் இடம் என்பதால் அந்த விளக்கு 24 வோல்ட்டில் எரிவது நல்லது. விளக்கின் முகம் வேலையைப் பார்க்கட்டும், ஆளின் கண்ணைப் பார்க்க வேண்டாம்.

வெளிச்சம் வரும் கோணத்தில் இன்னும் நுட்பமான வித்தைகள் இருக்கின்றன. நேர் மேலிருந்து விழும் ஒளியில் வழவழவென்று தெரியும் ஷாஃப்டை, ஒரு விளக்கைச் சாய்த்து, பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். டூல் ஓடிய தடம், கீறல், பிசிறு எல்லாம் எழுந்து நிற்கும். ஒவ்வொரு மேடும் தன் நிழலை நீட்டிக் காட்டும். மட்டம் பார்க்கும் ஸ்ட்ரெய்ட் எட்ஜை வேலைமேல் நிறுத்தி, பின்னால் ஒரு விளக்கை வைத்து இடைவெளியைப் பார்ப்பது பழைய ஃபிட்டர்களின் பழக்கம். சில மைக்ரான் சந்து இருந்தாலே வெளிச்சக் கீற்று கசிந்துவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் பருமன் பொதுவாக 50 மைக்ரானுக்குக் குறையாது. ஃபீலர் கேஜ் எதுவும் நுழையாத சந்தில் ஒளி நுழைந்து வெளியே வந்து சாட்சி சொல்கிறது. வெர்னியர், மைக்ரோமீட்டர் அளவுகோல்களை மங்கலான குரோம் பூச்சோடு செய்வதும் விளக்கை மனதில் வைத்துத்தான். பளபளப்பாக இருந்தால் விளக்கின் பிம்பம் கோடுகளை மறைத்துவிடும்.

அடுத்தது நிறம். வெள்ளை எல்.இ.டி.க்குள் இருக்கும் சிப் உண்மையில் நீல ஒளி தருவது. அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலம் கைக்கு வர மேலும் முப்பது ஆண்டு பிடித்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலமும் மஞ்சளும் சேர்ந்த வெள்ளையில் சிவப்பு குறைவு. விளக்கு அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த விளக்கில் பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு 100-க்குப் போட்ட மதிப்பெண் அது. 80-க்குக் கீழே இருந்தால் பட்டறைக்கு வேண்டாம். நிறம் பார்த்துச் செய்யும் வேலை என்றால் 90 வேண்டும்.

பட்டறையில் நிறம் பார்க்க என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கெட்டிப்படுத்திய எஃகை மறுபடி சூடாக்கி டெம்பர் பார்க்கும்போது, துடைத்த பரப்பில் நிறம் ஓடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 255-ல் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ல் நீலம். எந்தச் சாயமும் பூசாமல் வரும் நிறங்கள் இவை. எஃகின்மேல் படரும் ஆக்சைடு படலம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்கு மெல்லியது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் மோதி, சில நிறங்களை அழித்து மற்றதை விட்டுவைக்கின்றன. சூடு ஏறப் படலம் தடிக்கிறது, மிஞ்சும் நிறம் மாறுகிறது. தெர்மாமீட்டர் இல்லாமல் 20 டிகிரி வித்தியாசத்தைக் கண்ணாலேயே படித்து உளியையும் டூலையும் பதம் பார்த்த கை இது. சிவப்பு குறைந்த விளக்கின் கீழே பழுப்பும் ஊதாவும் குழம்பும். பதம் தப்பிய உளி ஒன்று முனை உடையும், இல்லையென்றால் மழுங்கும். லேத்தில் சுருண்டு வரும் சுருளின் நிறத்தைப் பார்த்தே டூல் எவ்வளவு சூடாகிறது என்று ஆபரேட்டர் சொல்லிவிடுகிறார். ரீவைண்டிங் கடையில் சிவப்பு, மஞ்சள், நீல ஒயர்களைப் பிரித்து டெர்மினலில் கொடுப்பதும், வார்னிஷ் ஏறிய காயில் கருகியதா இல்லையா என்று பார்ப்பதும் நிறத்தை நம்பித்தான்.

நம் பக்கத்தில் 6500 கெல்வின் என்று போட்ட நீலம் பாய்ந்த வெள்ளைக்குத்தான் மவுசு. அதுதான் பிரகாசம் என்று ஒரு நம்பிக்கை. பட்டறைக்கு 4000 முதல் 5000 கெல்வின் வரை, சி.ஆர்.ஐ. நன்றாக உள்ள விளக்கு போதும். கண்ணுக்கும் இதம், இரும்பின் நிறமும் உள்ளபடி தெரியும்.

விளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பகலில் இலவசமாகக் கிடைப்பது மறந்துபோகும். கொங்கு நாட்டு ஓட்டு வீடுகளில் சமையலறைக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். அந்த ஓட்டின் பரப்பு சுமார் பத்தில் ஒரு சதுர மீட்டர். ஒரு லட்சம் லக்ஸ் வெயில் அதில் நேராக விழுந்தால், கண்ணாடி தடுத்தது போக 8000 லூமன் உள்ளே வரும். நாலு எல்.இ.டி. பட்டி தரும் ஒளி! பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் திரண்டு வரும் ஆடி மாதத்து மூட்டத்திலும் வெளியே 10,000 லக்ஸ் இருக்கக்கூடும். அப்போதும் அந்த ஒரு ஓடு 800 லூமன் தரும். வெயில் தன்னோடு கொண்டுவரும் சூட்டில் ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 100 லூமன் ஒளி இருக்கிறது. சாதாரண எல்.இ.டி. பட்டியும் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய அதே 100 லூமன்தான். நம் விளக்கு சூரியனின் கணக்கை எட்டிப் பிடித்துவிட்டது என்பதை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

கூரையில் ஒளி விடும்போது திசையைப் பார்க்க வேண்டும். பழைய பஞ்சாலைகளின் ரம்பப்பல் கூரையில் கண்ணாடி எல்லாம் வடக்குப் பார்த்து இருக்கும். நேர் வெயில் படாமல் வானத்து ஒளி மட்டும் வர இங்கிலாந்தில் வகுத்த முறை அது. அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும். கோயம்புத்தூர் 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் நாலாவது வாரத்தில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட நாலு மாதம் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. இங்கிலாந்துக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மே, ஜூனில் வடக்குக் கண்ணாடி வழியாகவும் வெயில் இறங்கும். அந்த நாலு மாத நடுப்பகல் வெயிலைத் தடுக்க மேலே ஒரு சன்ஷேடை நீட்டிவிடலாம். தகரக் கூரையில் ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட் போடுவதென்றால் பால் வெள்ளை நிறத்தில் போடுங்கள். தெளிவான ஷீட் வழியாக வரும் வெயில் திட்டாக மேசையில் விழும். அந்தத் திட்டுக்குப் பழகிய கண்ணுக்குப் பக்கத்திலிருக்கும் சக்கு இருட்டில் மறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளித்துத் தடிக்கிறது. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, அதே விளக்கின் கீழே நிற்கும் 20 வயதுப் பையனுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மகனுக்குப் போதுமென்று தோன்றும் வெளிச்சத்தில் அப்பா பாதிக்கும் மேல் இருட்டில் வேலை செய்துகொண்டிருப்பார். “வெளிச்சம் பத்தலீங்க” என்று அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிவார். இந்த ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்கும்போது பட்டியில் படிந்த தூசியையும் துடையுங்கள். உங்கள் பட்டறையில் ஐம்பதைத் தாண்டிய கை ஒன்று லேத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், அவர் டூலுக்குப் பக்கத்தில் துடிக்காத ஒரு விளக்கை மாட்டிக்கொடுத்துவிடுங்கள்.